பூஜ்யம் சொன்ன சாட்சி

காலை 11:33. “போச்சு! தைலம் போச்சு!” என்று நறுமணத் தொழிற்கூடத்தின் மேலாளர் போட்ட கூச்சலில் ஆட்கள் திரண்டனர். மூன்று மாத உழைப்பில் வடித்த ஒரே புட்டி வைப்பறை அலமாரியில் இல்லை. வெளிவாயில் உடனே அடைக்கப்பட்டது.

12:15. பெண் காவல் ஆய்வாளர் வந்து சேர்வதற்குள் திருடி யாரென்று ஊழியர்கள் முடிவே கட்டிவிட்டனர். தைலம் வடிப்பவள் சுவரோரம் கூனிக்குறுகி நின்றாள்.

“பதிவைப் பாருங்க மேடம்,” மேலாளர் தம் அறைத் திரையைக் காட்டினார். “புட்டிக்கு அடியில தராசு. நிமிஷத்துக்கொரு தடவை எடையை அனுப்பும். 11:19-க்கு 250 கிராம். 11:20-க்குப் பூஜ்யம். அப்ப உள்ள இருந்தது இவ ஒருத்திதான். 11:24-க்கு வெளிய வந்துட்டா. கதவுப் பதிவும் அதையேதான் சொல்லுது.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“பத்து மணியிலேருந்து இந்த நாற்காலியை விட்டு அசையல. பூஜ்யத்தைப் பாத்ததும் 11:32-க்கு ஓடிப்போய்த் திறந்தேன்.”

“தனியாவா?”

“ஆள் சேர்க்கவா நேரம்?”

வடிப்பவள் வெடித்தாள். “நான் வெளிய வரும்போது புட்டி இருந்துச்சு மேடம்! என் பையை உதறிப் பாத்தாச்சு. நாளைக்கு என் பொண்ணு எப்படிம்மா தெருவுல நடப்பா?”

ஆய்வாளர் வைப்பறைக்குச் சென்றார். தராசின் மீது புட்டியைத் தாங்கும் மரக்கிண்ணம் மட்டும் இருந்தது. முகப்பில் 38 என்று ஒளிர்ந்தது.

“இந்தக் கிண்ணம் கழலுமா?”

“திருகி வச்சிருக்கு மேடம், அசையாது,” என்றாள் வடிப்பவள்.

தராசிலிருந்து எடையை அனுப்பும் கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு சென்றது. அதைத் தொடர்ந்து போன ஆய்வாளர், அது மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால் செருகப்பட்டிருக்கக் கண்டார். பிறகு, பதிவு நிரலை எழுதிய கணினிக்காரரை அழைத்தார்.

“தராசு எடையே அனுப்பலன்னா என்ன பதிவாகும்?”

“பூஜ்யம்தான் மேடம். காலியா விட்டா கூட்டல் உதைக்கும்.”

“பூஜ்யம் எதுவரைக்கும் இருக்கு?”

“11:40 வரைக்கும். 11:41-லேருந்து 38.”

ஆய்வாளர் மேலாளர் பக்கம் திரும்பினார்.

“புட்டியை எடுத்தா தராசு 38-தான் காட்டும், கிண்ணம் அங்கேயேதான இருக்கு? பூஜ்யம்னா புட்டி இல்லைன்னு அர்த்தமில்ல சார், எடையே வந்து சேரலைன்னு அர்த்தம். இவங்க உள்ள போனதும் கம்பியைப் பிடுங்கினீங்க. 11:32-க்குத் தனியாப் போய்ப் புட்டியை எடுத்துட்டுக் கூச்சல் போட்டீங்க. அப்புறம் கம்பியைத் திரும்பச் செருகினீங்க. உள்ள இருந்தவங்க உங்க நாற்காலிக்குப் பின்னாடி கையை நீட்டியிருக்க முடியாது. நாற்காலியை விட்டு அசையலன்னு நீங்களே சொன்னீங்க!”

மேலாளரின் பார்வை அறை அலமாரி மேலிருந்த தம் தலைக்கவசத்துக்குத் தாவியது. ஆய்வாளருடன் வந்த காவலர் அதைக் கவிழ்த்தார். துணி சுற்றிய புட்டி உருண்டு விழுந்தது.

கணினிக்காரர் தலையைச் சொறிந்தார். “அப்ப எடை வரலன்னா என்னதான் மேடம் போடுறது?”

“ஒண்ணும் போடாதீங்க. காலியாவே விடுங்க.”

“கூட்டல் உதைக்குமே?”

“உதைக்கட்டும். அப்பதான் யாராவது ஏன்னு கேப்பாங்க.”

செய்தி கேட்டு வந்திருந்த தொழிற்கூட முதலாளி வடிப்பவளிடம் வந்து கைகூப்பினார். “மன்னிச்சிடும்மா.”

“மன்னிப்பு இருக்கட்டும் சார். வாசல்ல நிக்கிற அத்தனை பேர்கிட்டயும் நான் எடுக்கலன்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் வாசலுக்குச் சென்று சொன்னார். “கேக்கல சார்,” என்றாள் அவள். இரண்டாம் முறை உரக்கச் சொன்னார்.