நான்காம் எண் பிரஸ்ஸின் இணைப்பு

இணைப்பு மூடியாச்சு என்று திரை சொன்ன பிறகும் தகடு நசுக்கும் நான்காம் எண் பிரஸ்ஸிலிருந்து அழுத்தக் கணக்கு வந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு. பதிமூன்று. கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த புரோகிராமர் திரையை நெருங்கிப் பார்த்தான். அந்த இரும்புக்கு அடியில் ஆயில் சீல் மாற்றப் படுத்திருந்த ஃபிட்டர், அவனுடைய அக்கா வீட்டுக்காரர்.

சும்மா சொல்லக்கூடாது, புரோகிராமர் கெட்டிக்காரன்தான். பிரஸ்ஸோடு பேசும் இணைப்பை, அதாவது சாக்கெட்டை, திறக்கவும் மூடவும், லைப்ரரி என்கிற ரெடிமேட் புரோகிராம் நாம் எழுதிய ஃபங்ஷனைக் கூப்பிடும். அதுதான் கால்பேக். ஒவ்வொரு தடவையும் மூடித் திறந்தால் நேரமாகிறதே என்று, மூடச் சொன்னால் மூடாமல் ஓரமாக வைத்துக்கொண்டு 'மூடியாச்சு' என்று மட்டும் பதில் சொல்லும்படி எழுதிவைத்தான். வேகம் கூடியது. மேனேஜர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். இணைப்பு நிஜமாக அறுந்தால்தான் பிரஸ் அடங்கும் என்பது அப்போது யாருக்கு ஞாபகம் வந்தது?

"கட் பண்ணிட்டியா மாப்ள?" என்று கேட்டுவிட்டுத்தான் மாமா பிரஸ்ஸுக்கு அடியில் போனார்.

"பண்ணிட்டேன் மாமா. நீங்க தைரியமா போங்க."

சூடான எண்ணெய் வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. எங்கோ அடியில் பம்ப் முனகத் தொடங்கி, தரை வழியாக நாற்காலிக் காலில் ஏறி, அவன் பல்லில் வந்து அதிர்ந்தது. பிரஸ்ஸுக்குக் கட்டளை போடுகிறவன் இவன் ஒருவன்தான். இவன் எதுவும் போடவில்லை. மறுபடி மூடச் சொன்னான். 'மூடியாச்சு.' மறுபடி. 'மூடியாச்சு.' நாற்பது. தொண்ணூறு.

கத்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை. பாய்ந்துபோய் நெட்வொர்க் வயரைச் சுவரிலிருந்து பிய்த்தான்.

பிரஸ் இறங்கியது.

மாமாவின் அலறல் பாதியில் நசுங்கியது. எலும்பு நொறுங்கியது. கண்ணாடி முழுக்கச் சிவப்பு தெறித்தது. நான்தான் கொன்றேன், அக்காவிடம் என்ன சொல்வேன் என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

வயர் கையில் இருந்தது. இணைப்பே இல்லை. இனி நின்றாக வேண்டும்.

அவன் விசைப்பலகையைத் தொடவே இல்லை; திரையில் அவன் ஃபங்ஷனை யாரோ கூப்பிட்டார்கள். திற. மூடு. திற.

பிரஸ் மேலே போனது. அடித்தட்டில் இரண்டு கைகள், முழங்கைவரை தகடாகிப்போனவை, விளிம்பைத் தேடித் தடவின. பிடி கிடைத்தது. தலையில்லாத தோள் ஒன்று வெளியே வரப் பார்த்தது.

பிரஸ் மறுபடி இறங்கியது.