ஒன்று தள்ள, ஒன்று இழுக்க

டாரியஸ் தன் கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தான். பிறகு அறைக்குள் போய், ஒரு பையில் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தான்.

அவன் தங்கை பமேலா கதவோரம் நின்று பார்த்தாள். அவள் ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பாயா ரும்புட் ஊரில், அவர்கள் வீட்டின் முன்னால் கார் நிறுத்தும் போர்ச்சில்தான் அண்ணன் கார் ஸ்பீக்கர் கடையைத் தொடங்கியிருந்தான். முதலில் வாங்கியவர் பள்ளி வேன் ஓட்டும் சேகரன் அங்கிள்.

அவரேதான் இன்று மதியம் அந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"என்னலா தம்பி, ஒரிஜினல்னு சொன்ன. தகர டின்னுக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு. வேன்ல பிள்ளைங்க சிரிக்குதுங்க."

சாயங்காலம் வருவதாகவும், பழைய ஸ்பீக்கர்களையே மாட்டித் தரும்படியும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் வேன் ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லிவிட்டார் போலும். அடுத்த வாரம் வருவதாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள்.

ஜோகூரில் கூட்டாளி வேலை செய்யும் ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்கள், நாளைக்கே கிளம்புகிறேன் என்றான் டாரியஸ். அம்மா மோனிக்கா அவன் பையையே பார்த்தார். அவர் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது.

"அண்ணா, நீ டெஸ்ட் பண்ணியே பாக்கலையே," என்றாள் பமேலா.

"என்னத்த பாக்குறது பாப்பா? எனக்கு வித்தவன் என்னை ஏமாத்தியிருப்பான். விடுலா."

அண்ணன் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போர்ச்சுக்குப் போனாள். கடை தொடங்கும் முன்பிருந்தே அவன் ஸ்பீக்கர்களைச் சோதிப்பதைப் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

முதலில் எடை. ஸ்பீக்கரின் கனமெல்லாம் பின்னாலிருக்கும் காந்தத்தில்தான் இருக்கிறது. போலி செய்கிறவர்கள் பெரிய மூடிக்குள் சின்னக் காந்தத்தை ஒளித்துவைப்பார்கள். அம்மா கேக் மாவு நிறுக்கும் தராசில் இரண்டையும் வைத்தாள். பெட்டியில் அச்சிட்டிருந்த எடை அப்படியே இருந்தது.

அடுத்து, நடுவிலுள்ள கூம்பு. அதை விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்தினாள். உள்ளே கம்பிச்சுருள் உரசினால் கரகரவென்று கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை.

போலியும் இல்லை, பழுதும் இல்லை. அப்படியானால் சத்தம் ஏன் கெட்டது? அதுதான் புரியவில்லை.

கடைசியாக ஒரு சோதனை இருந்தது. சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்தாள். ஸ்பீக்கரின் பின்னால் கம்பி மாட்ட இரண்டு தகட்டுக் கால்கள் உண்டு. இந்த வகையில், பேட்டரியின் கூட்டல் முனை சேர வேண்டிய காலில் சிவப்புப் புள்ளி இருக்கும். சரியாகத் தொட்டால் 'டப்' என்று கூம்பு வெளியே குதிக்கும்.

முதல் ஸ்பீக்கர் 'டப்' என்றது. கூம்பு வெளியே வந்தது.

இரண்டாவதும் 'டப்' என்றது. ஆனால் கூம்பு உள்ளே போனது. மறுபடி தொட்டாள். மறுபடியும் உள்ளேதான் போனது.

சத்தம் கேட்டு வந்த டாரியஸ் பார்த்துக்கொண்டே நின்றான். "பாத்தியா? நல்ல கம்பெனிக்காரன் புள்ளிய மாத்தி வைப்பானா? டூப்ளிகேட்தான்."

உள்ளே போய்விட்டான். பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

பமேலா தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணனைக் காப்பாற்றத்தான் தேடினாள். கடைசியில் அவனுக்கு எதிரான சாட்சியை அவளே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள்.

கண்ணைத் துடைத்த விரலைப் பார்த்தாள். விரல் நுனி சிவந்திருந்தது.

பெயிண்ட் இப்படி ஒட்டாதே. சிவப்புப் புள்ளியைத் துணியால் துடைத்தாள். அது முழுசாகப் போய்விட்டது. இன்னொரு காலில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். சந்தன வாசனை வந்தது. அடியில் பளபளவென்று ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

சேகரன் அங்கிள் புதுச்சாமான் எதையும் சாமி முன்னால் வைக்காமல் பயன்படுத்த மாட்டார். அதற்காகத்தான் ஸ்பீக்கர்களை வீட்டுக்குக் கொண்டுபோய், நல்ல நேரம் பார்த்துத் தானே மாட்டினார். அவர் மனைவி மீனம்மா ஆண்டி ஒன்றுக்குக் காந்தத்தின்மேல் பொட்டு வைத்திருக்கிறார். மற்றதற்கு ஒரு காலில் சந்தனத்தையும் மறு காலில் குங்குமத்தையும் வைத்துவிட்டார். அங்கிள் குங்குமத்தையே சிவப்புப் புள்ளி என்று நினைத்துக் கம்பியை மாற்றி மாட்டிவிட்டார்.

ஒரு மேசையை நீங்கள் இந்தப் பக்கமிருந்து தள்ளுகிறீர்கள். அதே நேரம் உங்கள் நண்பன் எதிர்ப்பக்கமிருந்து தள்ளுகிறான். மேசை நகருமா? ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால், கனமான ஒலி அப்படித்தான் காணாமல் போகும். மிஞ்சுவது தகர டின் சத்தம்.

பமேலா அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவன் புள்ளியைப் பார்த்தான், பேட்டரியால் தொட்டான். கூம்பு வெளியே குதித்தது.

சாயங்காலம் சேகரன் அங்கிளும் மீனம்மா ஆண்டியும் வந்தார்கள். டாரியஸ் பழையவற்றைத் தொடவில்லை. புதிய ஸ்பீக்கர்களையே மாட்டிப் பாட்டைப் போட்டான். தவில் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது.

அங்கிளின் முகம் மாறியது. "என்னாதான் பண்ண தம்பி?"

டாரியஸ் வாயைத் திறப்பதற்குள் பமேலா சொன்னாள். "ஒரு ஒயர் மாறியிருந்துச்சு அங்கிள். அவ்வளவுதான்."

மீனம்மா ஆண்டி அவளையே பார்த்தார். "நீங்கதான் பொட்டு வைக்க மாட்டீங்களே கண்ணு. கன்னத்துல ஏது குங்குமம்?"

பமேலா தரையைப் பார்த்தாள். ஆண்டி ஸ்பீக்கரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அடுத்த தடவ பெட்டிக்கு மட்டும் வைக்கிறேன்லா."

சேகரன் அங்கிள் கைப்பேசியைத் தவில் சத்தத்துக்கு நேராகப் பிடித்தார். அதே வாட்ஸ்அப் குழுவுக்கு அதை அனுப்பி, தான் சொன்னது தவறு என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவர்கள் போனதும் டாரியஸ் பலகையின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையைப் பமேலா பிடித்தாள்.

அம்மா பையிலிருந்த துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னாலா இது, இன்னும் மத்தியானமாவே இருக்கு?"

பமேலா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். பேட்டரி அங்கேதான் இருந்தது.