முப்பத்திரண்டாவது கதிரை

மயிலிட்டியில், எங்கள் முற்றத்தில், அம்மா கதிரையில் உட்கார்ந்திருந்து எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். மூட்டைப்பூச்சி போகட்டும் என்று விடியவே வெயிலில் தூக்கி வைத்த கதிரை அது. வலப்பக்கப் பின்னல் முடிந்துவிட்டது. இடப்பக்கத்துக்கு அம்மா சீப்பை எடுத்தார்.

அப்போதுதான் ஷெல் விழுந்தது.

அது 1990ஆம் ஆண்டு, ஆனி மாதம். எனக்குப் பத்து வயது. அன்று அப்பாவை இழந்தோம். அம்மாவின் இடுப்பில் ஓர் இரும்புத் துண்டு பாய்ந்தது. ஊரே எழுந்து நடந்தது. கதிரை முற்றத்திலேயே நின்றுவிட்டது.

ஆசுபத்திரி, அகதி முகாம் என்று பல மாதங்கள் போயின. பிறகு அரியாலையில் எங்களுக்கு ஒரு வீடு தந்தார்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய பதினாறு வீடுகளில் ஒன்று. கதவு இருந்தது. யன்னல் இருந்தது. வழுவழுவென்று சீமெந்துத் தரை இருந்தது. தளபாடம் என்று எதுவும் இல்லை. பதினாறு வீடுகளிலும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை யோசப்பின், என் வயதுக்காரி. அவர்கள் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வருபவர்கள் அதில்தான் இருக்க வேண்டும். யாராவது குளிக்கப் புறப்பட்டால், வந்தவர் எழும்ப வேண்டும்!

எங்களுக்கு அது சிரிப்பு. அம்மாவுக்கு அப்படியில்லை. அவருடைய இடுப்பு முன்போல வளையாது. நிலத்தில் இருந்தால் எழும்ப முடியாது. அதனால் அம்மா நிற்பார், இல்லாவிட்டால் படுப்பார். நிற்கும்போதும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கையால் தலை பின்ன முடியாது. நானே என் தலைமயிரை ஒரு முடிச்சாகக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்.

"வைக்கோல் கட்டு நடந்து வருகுது," என்பாள் யோசப்பின்.

எங்கள் வீடுகள் இருந்த ஒழுங்கைக்கு எதிரே சனசமூக நிலையம் இருந்தது. அதன் பின்னறையில் முப்பத்திரண்டு இரும்புக் கதிரைகள் பூட்டிக் கிடந்தன. அந்தப் பூட்டின் திறப்பு, நிலையத்தைப் பார்த்துக்கொண்ட அருளம்பலம் மாமாவின் இடுப்பில் தொங்கும். ஒருநாள் அவரிடம் போனேன்.

"மாமா, எங்களுக்கு ஒரு கதிரை தருவியளோ?"

"கலியாண வீடோ, செத்த வீடோ?"

"ரெண்டும் இல்லை."

"அப்ப இல்லை, பிள்ளை. இஞ்சத்தைச் சட்டம் அதுதான்."

"அம்மாவாலை நிலத்திலை இருக்கேலாது மாமா."

அவர் இடுப்பில் தொங்கிய திறப்பைத் தடவினார்.

"ஒரு வீட்டுக்குக் குடுத்தா மற்ற வீட்டுக்காரரும் கேப்பினம். நாளைக்கு ஒரு செத்த வீடு எண்டால், சனத்தை என்ரை தலையிலையே இருத்துறது?"

அவருடைய வழுக்கைத் தலையைப் பார்த்தேன். ஒருவர்கூட இருக்க முடியாது.

அடுத்த கிழமை நல்ல மழை. பள்ளிக்கூடத்தால் வரும்போது பின்னறை திறந்திருந்தது. கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அருளம்பலம் மாமா தனியே குந்தியிருந்து, மண்ணெண்ணெய்த் துணியால் கதிரைகளின் துருவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு துணியை எடுத்தேன்.

ஐந்தாவது கதிரையைத் துடைக்கும்போது கேட்டேன். "மாமா, எங்கடை வீடுகள் ஒழுகாது, தெரியுமோ?"

"அதுக்கு?"

"கதிரையள் எங்கடை வீடுகளிலை நிக்கட்டும். வீட்டுக்கு ரெண்டு. நாங்கள் துடைச்சு வைப்பம். செத்த வீடு எண்டால் மணியை அடியுங்கோ. எல்லாரும் தூக்கிக்கொண்டு ஓடி வருவம்."

வாசலில் மணியாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. ரயில் ஓடாத அந்த நாட்களில் தண்டவாளத்துக்கு அது ஒன்றுதான் வேலை.

"வராட்டி?"

"வருவம்."

மாமா துணியைப் பிழிந்தார்.

"கால் மணித்தியாலத்துக்குள்ளை முப்பத்திரண்டும் இஞ்சை நிக்கவேணும். ஒண்டு குறைஞ்சாலும், எல்லாம் திரும்ப உள்ளுக்கைதான்."

அன்று பின்னேரமே கதிரைகள் வந்தன. அம்மா மெல்ல ஒரு கதிரையில் அமர்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சீப்பைக் கேட்டார்.

சனிக்கிழமை காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது தண்டவாளம் அடித்தது. டாங்! டாங்! டாங்!

"ஓடு, ஞானம்!" என்றார் அம்மா. நான் மற்றக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒழுங்கை முழுக்கக் கதிரைகள் தலைகளின் மேல் ஓடின. யோசப்பினின் அப்பா கனிசியஸ் பாதிச் சவரத்தில், ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரையோடு வந்து நின்றார்.

"செத்தது ஆர்?"

"ஒருத்தரும் இல்லை," என்றார் அருளம்பலம் மாமா. "சும்மா அடிச்சுப் பாத்தனான்."

"அப்ப என்ரை மற்றக் கன்னத்துக்கு என்ன வழி, அண்ணை?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா எண்ணினார். முப்பத்தொன்று. மணிக்கூட்டைப் பார்த்தார்.

அம்மா இருந்த கதிரைதான் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒழுங்கையில் அம்மா வந்துகொண்டிருந்தார். கதிரையை ஓர் எட்டு முன்னால் வைப்பார். அதைப் பிடித்துக்கொண்டு ஓர் எட்டு நடப்பார். பிறகு மீண்டும் கதிரை.

ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"விடு பிள்ளை. உந்தக் கதிரையைப் பிடிச்சுத்தான் நான் நடக்கிறன்."

அருளம்பலம் மாமா மணிக்கூடு கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதன் பிறகு அவர் நேரம் பார்க்கவில்லை.

அம்மா நிலையத்தின் படலையைக் கடந்து கதிரையை வைத்தார்.

"முப்பத்திரண்டு," என்றார் மாமா. "தங்கச்சி, அதிலை இருங்கோ. களைப்பாறிப்போட்டுக் கொண்டு போகலாம். மற்ற ஆக்களும்தான். உங்கடை உங்கடை கதிரையளைக் கொண்டு போங்கோ."

ஒருவரும் உடனே போகவில்லை. தங்கள் கதிரைகளிலேயே இருந்து கதைக்கத் தொடங்கினார்கள். மாமாவுக்கு மட்டும்தான் கதிரை இல்லை. யோசப்பின் ஓடிப்போய் வாளியைக் கொண்டு வந்தாள்.

"ஞானம், இஞ்சை வா," என்றார் அம்மா. "பாதித் தலையோடை நிக்கிறாய்."

அவருடைய கொண்டையில் சீப்பு செருகியிருந்தது. நான் அவர் முன்னால் போய் இருந்தேன். அம்மா இடப்பக்கத்தைப் பின்னத் தொடங்கினார்.

வலப்பக்கம் முடிந்துதான் இருந்தது. அம்மா எப்போதும் வலப்பக்கத்தைத்தான் முதலில் பின்னுவார்.