முப்பத்தேழு பாகை

நஸ்ஹா சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

விசிறிகள் நிற்கவில்லை.

ஏறாவூரில் மண்டையைப் பிளக்கும் மத்தியான வெயில். முன்னறை மேசையில், இரண்டு றாத்தல் பாண் ரொட்டி அளவே இருந்த கறுப்புப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கேம் விளையாடும் கம்ப்யூட்டர்களை இப்படிக் கைக்கடக்கமாகக் கட்டித் தருவதில் அவள் கெட்டிக்காரி. கீழ் விசிறி காற்றை உள்ளே இழுக்கும். மேல் விசிறிகள் சூட்டை வெளியே துப்பும். எத்தனையோ கட்டியிருக்கிறாள். மின்சாரம் இல்லாமல் எதுவும் சுழன்றதில்லை.

கொரோனாக் காலத்தில் கடை வாசல்களில் நெற்றிக்கு நீட்டுவார்களே, அந்த வெப்பமானியைப் பெட்டிக்கு நேரே பிடித்தாள்.

முப்பத்தேழு.

காலையிலிருந்து இதே எண்தான். கனமான கேமை ஓடவிட்டாலும் முப்பத்தேழு, சும்மா விட்டாலும் முப்பத்தேழு. சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டை வழித்துப் புதிதாகப் பூசினாள். விசிறிகளைத் திருப்பிப் பூட்டினாள். எண் அசையவில்லை. இயந்திரத்தின் சூடு ஏறும், இறங்கும். ஏறாமல் இறங்காமல் முப்பத்தேழிலேயே நிற்பது எது?

உயிருள்ள மனித உடம்பு.

மேல் விசிறி துப்பிய காற்றில், தூங்கி எழுந்தவனின் வாய்நாற்றம் இருந்தது.

"அண்ணன்! உள்ள வந்து இதைப் பாருங்க!"

கேற்றுக்கு வெளியே, கொதிக்கும் தார் றோட்டில், மோட்டார் சைக்கிளோடு நின்றான் குருக்கள்மடம் ஊர்க்காரன் விஜிதரன். காலையில் பழைய கிராஃபிக்ஸ் காட் ஒன்றைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தவன். "தம்பி சதீசன்ட காட், தங்கச்சி. சின்னப் பெட்டிக்குள்ள இறுக்கிப் பூட்டி, நல்லாக் குளிரக் கட்டித் தாங்க" என்றவன், அதற்குமேல் ஓரடி வைக்கவில்லை. ஆண்கள் வெளியே போயிருக்கும் முஸ்லிம் வீடு என்று மரியாதைக்கு ஒதுங்கி நிற்கிறான் என்றுதான் நினைத்தாள். அவன்மேல் ஒரு மதிப்பே வந்திருந்தது.

"வேணாம் தங்கச்சி. இஞ்சயே நிக்கன்."

நஸ்ஹாவின் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி சபூரா உள்ளிருந்து தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையைக் கொடுக்கையில் விரல்கள் உரசின. சபூரா துள்ளி விலகினாள்.

"என்னகா இது, ஐஸ் பெட்டிக்குள்ள கிடந்த மீன் மாதிரிக் கை? ஊரே வேகுது, உனக்கு மட்டும் நுவரெலியாவா?"

"இரும்பைப் பிடிச்ச கை மச்சி..."

சொல்லும்போதே பற்கள் கிட்டித்தன. வெப்பமானியைத் தன் நெற்றிக்குத் திருப்பினாள்.

இருபத்தொன்பது.

அறையின் சூடே முப்பத்து நாலு.

சூடு ஒருநாளும் அழியாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தத்தான் முடியும். அவள் பிழைப்பே அதுதான். இந்தப் பெட்டி அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தது.

அவளிடமிருந்து தனக்கு.

ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். விரல்கள் மடங்கவில்லை. அது நழுவித் தரையில் உருண்டது. வெளியே ஓடினாள்.

"கொண்டு போங்க இதை! உங்கட தம்பிக்கிட்டயே குடுங்க!"

அவள் ஓரடி வைக்க, அவன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரடி பின்வாங்கினான். இன்னோரடி வைத்தாள். அவனும் இன்னோரடி.

மரியாதையா இது?

பயம்.

"முப்பத்தேழு காட்டுதா?" என்று மெல்லக் கேட்டான்.

அந்த எண்ணை அவள் அவனிடம் சொல்லவே இல்லை.

"அப்ப சரி" என்றான். முகத்தில் வெட்கங்கெட்ட ஒரு நிம்மதி. "ஆர் கட்டுறாங்களோ அவங்களோடதான் அந்தக் காட் ஒட்டிக்கும். நாங்க கழட்டி வச்சும் விடல்ல. அம்மாட சூட்டையும் இழுக்கத் துவங்கிட்டுது. வேற ஆரும் கட்டினாத்தான் எங்கள விடும். என்ன மன்னிச்சிக்கங்க."

ஸ்டார்ட்டரை உதைத்தான்.

"தம்பி எங்கடா?" என்று கத்தினாள் நஸ்ஹா.

"அவனும் தன்ட கையாலதான் கட்டினவன். போன மாசம், இதே மாதிரி நடு வெயில். பெட்டிக்கு முன்னால இருந்தபடியே கிடந்தான். உடம்பு ஐஸ், தங்கச்சி. பெட்டிதான் சுட்டுது."

புழுதி அடங்கியது. முன்னறையிலிருந்து விசிறிகளின் சத்தம் வந்தது. இப்போது அது உறுமல் இல்லை. ஓர் இழுப்பு, ஒரு விடுப்பு. அவள் மூச்சோடு அச்சொட்டாய்ச் சேர்ந்து.

நஸ்ஹா மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

விசிறிகள் அடக்கவில்லை.