ராக்கெட் பறக்கும் செயலி

பூமிகாவும் பக்கத்து வீட்டு மோசஸும் இரண்டு நாளாகச் சண்டை போட்டார்கள். பள்ளிக் கண்காட்சிக்கு வெந்தயக்கீரை வளர்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றியதைக் குறித்துவைக்க எந்தச் செயலி நல்லது என்பதுதான் சண்டை.

"இதுல கலர் கலரா கட்டம் இருக்கு" என்றாள் பூமிகா.

"இதுல 'முடிந்தது'ன்னு அமுக்குனா ராக்கெட் பறக்கும்!" என்றான் மோசஸ்.

ராக்கெட்டுக்கு முன்னால் கட்டம் எம்மாத்திரம்? பூமிகாவின் அப்பா போனிலும் மோசஸின் அம்மா போனிலும் அதை ஏற்றினார்கள். தினமும் ஐந்து மணிக்கு மணி அடிக்கும். மொட்டை மாடித் தொட்டியில் முளைவிட்டிருக்கும் கீரைக்குத் தண்ணீர் ஊற்றியவர் 'முடிந்தது' என்று அழுத்த வேண்டும். ஒருவர் அழுத்தினால் இரண்டு போனிலும் ராக்கெட் பறக்கும்.

முதல் மூன்று நாளும் ராக்கெட் பறந்தது. சனிக்கிழமை மாடிக்குப் போனால், கீரை காய்ந்த நூலாகக் கிடந்தது!

"நீ ஊத்தலியா?" என்றாள் பூமிகா.

"நீ ஊத்தலியா? அதான் ராக்கெட் பறந்துச்சே!"

"அஞ்சு மணிக்கு எனக்கு டியூஷன்டா!"

அப்படியென்றால் அழுத்தியது யார்? இருவரும் கீழே ஓடினார்கள். பூமிகாவின் அப்பா மோகன்ராஜுக்கு அந்த மாதம் காக்களூர் கம்பெனியில் மதியம் தொடங்கும் இரண்டாம் ஷிப்ட். கிளம்பும் அவசரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான் அமுக்குனேன்" என்றார் பெருமையாக. "மிஷின்ல மணி அடிச்சா ஒடனே பச்சை பட்டனை அமுக்கணும். இல்லன்னா சூப்பர்வைசர் கத்துவாரு. இதுவும் அடிச்சிக்கினே இருந்துச்சு, அமுக்குனேன். ராக்கெட்டு சூப்பரா பறக்குதுல்ல?"

மோசஸ் வாயைத் திறந்தான். பூமிகா அவன் காலை மிதித்தாள்.

விஷயம் தெரிந்ததும் அப்பாவின் முகம் வாடிவிட்டது. "ஐயையோ, பேஜாரு பண்ணிட்டேனே கண்ணு!"

பூமிகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அப்பாவைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமைதான நைனா கண்காட்சி? மறுபடி வெதைக்கலாம். இனிமே தண்ணி ஊத்தாம அமுக்காத, சரியா?"

அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர் போனிலேயே வேறு நான்கு செயலிகளை ஏற்றி, எந்த வேலையும் செய்யாமலே 'முடிந்தது' என்று அழுத்திப் பார்த்தாள். மூன்று செயலிகள் 'சபாஷ்!' என்றன. நான்காவது மட்டும், 'படம் எங்கே?' என்று கேட்டது.

"இதான் நமக்கு வேணும்" என்றாள் பூமிகா. "இது நம்மள நம்பாது."

மோசஸின் அம்மா போனிலும் அதை ஏற்றினார்கள். அன்றிலிருந்து மோசஸ் தண்ணீர் ஊற்றிப் படமும் எடுத்துப் போட்டான். கீரை விரல் நீளம் வளர்ந்தது.

வெள்ளிக்கிழமை, கண்காட்சியில் பிள்ளைகளின் கீரையைப் பார்க்க நல்ல கூட்டம். அந்தப் பரபரப்பில் செயலியை இருவருமே மறந்துவிட்டார்கள். ஐந்து மணிக்குப் பிறகு, பார்க்க வந்திருந்த மோசஸின் அம்மாவின் போன் சிணுங்கியது.

செயலியில் ஒரு படம். கம்பெனி வாசலில் ஒரு குரோட்டன்ஸ் செடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பக்கத்தில், கையில் தண்ணீர்க் குவளையுடன் மோகன்ராஜ்! கீழே எழுதியிருந்தார்: "மணி அடிச்சிக்கினே இருக்கு. மாடிக்கு வர முடியாது. அதான் இங்க இருக்கிற செடிக்கு ஊத்திட்டேன் கண்ணு."

பூமிகா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா தண்ணீர் ஊற்றிவிட்டு அழுத்திய முதல் 'முடிந்தது' அதுதான்.