நான்கு சுவருக்கான முடி

பங்குனி முதல் வாரத்தில் முடிவண்டி வரும். போடி மலையடிவாரத் தெருக்களில் எல்லாரும் தலையை மழித்து, முடியை உறையில் போட்டு வாசலில் காத்திருப்பார்கள். அதிலிருந்து பிரித்த கெரட்டின் புரதத்தைத் தவிட்டுச் சாற்றோடு கலந்து மூங்கில் பலகைச் சுவர்களில் பீய்ச்சுவார்கள். மலைக்காடு எரிந்து தீக்காற்று வீசும்போது அந்தப் பூச்சு கருகிப் பொங்கி, நெருப்பை உள்ளே விடாமல் தடுத்துவிடும்.

முடி வாங்கும் ஜெசிந்தா, துளசிமணியின் உறையை மரபணு ஸ்கேனரில் வைத்தாள்.

“தொண்ணூறு கிராம்தான் இருக்குக்கா. நாலு சுவருக்கு இருநூறு வேணும்.”

“போன வருசம் அவரு முடியும் சேந்துச்சு.”

கணவர் சித்திரையில் இறந்துவிட்டார். துளசிமணி உள்ளே போய் அவருடைய சீப்பை எடுத்துவந்தாள். “இதுல கொஞ்சம் ஒட்டியிருக்கு, தாயி.”

ஸ்கேனர் சிவப்பு காட்டியது: குடியிருப்போர் பட்டியலில் இல்லை.

“பக்கத்து வீட்டுல ஏழு தலை. மிச்சத்தைத் தரேங்குறாக.”

“அந்தந்த வீட்டாளு முடிதான் சேரும்க்கா. முடித்திருட்டு வந்தப்புறம் சட்டம் அப்படி.”

சட்டம் போட்டவர்களுக்கு நெருப்பைத் தெரியும், தனிமையைத் தெரியாது. பூச்சு குறைந்த வீட்டுக்கு முத்திரை வைத்து, அங்கிருப்பவரை முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு.

“முகாம்ல சாமி படம் மாட்ட விடுவாகளா?”

“கட்டிலுக்கு மேல ஒரு ஆணி இருக்கும்.”

துளசிமணி தலையாட்டினாள். ஜெசிந்தா முத்திரையை எடுத்தாள். இந்த வாரத்தில் இது நான்காவது வீடு. சற்று நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டுப் பையில் போட்டாள். தன் பின்னலை அவிழ்த்தாள். இடுப்பு வரை விழுந்தது.

“நான் இருக்குறது கான்கிரீட் ஹாஸ்டல். அங்க இதுக்கு வேலையில்ல.”

“ஏத்தா, வேணாம். இந்த வீட்டாளா பேரைப் பதிஞ்சா வருசம் பூரா நீ இங்கதான் இருக்கணும்.”

“இருந்தா சோறு போட மாட்டீகளா? இந்தாங்க மெஷின். காதைக் கீதை அறுத்துராதீக.”

துளசிமணி மெஷினை வாங்கினாள். ஒரு கீறல்கூட விழாமல் மழித்தாள். இரண்டு உறைகளும் சேர்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். ஸ்கேனர் பச்சை காட்டியது: குடியிருப்போர் இருவர்.

துளசிமணி சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு உலை வைக்கப் போனாள். அரிசியை அள்ளியவள் அப்படியே நின்றாள்.

“நீ எவ்வளவு சாப்பிடுவ, தாயி?”

இந்த வீட்டில் அவள் கடைசியாக ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து பதினொரு மாதமாகிவிட்டது.