பாரணைக் கஞ்சி

திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் வீட்டுப் பத்மாவதியம்மாளுக்கு நேற்று முழுநாள் உபவாசம். பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. விடிந்ததும் மருமகள் குணமாலாவின் கையால் முதல் வாய் கஞ்சி வாங்கித்தான் பாரணை செய்து விரதத்தை முடிப்பாள். குணமாலா இந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து அதுதான் வழக்கம். இன்றோ பத்மாவதியம்மாள் அடுப்படி வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டாள்.

"ஸ்ருதி! நீ கஞ்சி எடுத்தாம்மா. அவ கை வேணாம்."

அவ கை...! குணமாலாவின் கரண்டி பானைக்குள்ளேயே நின்றுவிட்டது.

அந்தக் கைதான் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் எத்தனையோ பிள்ளைகளைப் பிறக்கையில் ஏந்திய நர்ஸின் கை. சம்பளமில்லா விடுப்புப் போட்டு, பிரசவத்தில் தாய்மார்கள் கொத்துக் கொத்தாகச் சாகிற சியரா லியோனுக்கு ஒரு மருத்துவக் குழுவோடு தொண்டு செய்யப் போய்வந்தவள். "போய்ட்டு வா, பேரனை நான் பாத்துக்கறேன்" என்று தைரியம் சொல்லி அனுப்பியவளே மாமியார்தான். கேட்டது ஒன்றே ஒன்று: "பொழுது சாஞ்சா வாயைக் கட்டிக்கம்மா. நம்ம விரதம் கெடக் கூடாது."

நேற்றுக் கோயிலில் ஒருத்தி விளையாட்டாகக் கேட்டாள். "ஏம்மா, அந்த ஊர்ல பொழுதோட சாப்ட்டியா, இல்ல ராத்திரிதானா?"

குணமாலாவுக்குப் பொய் வராது. "ஒரே ஒரு ராத்திரி சாப்ட்டேங்கா... மரவள்ளிக்கிழங்கு."

"கிழங்கா! மண்ணுக்கடியில வெளையறதையே நாம தொட மாட்டோமே, அதுவும் ராத்திரியிலயா!"

எழுந்த சிரிப்பில் பத்மாவதியம்மாள் குனிந்த தலை நிமிராமல் வீடு வந்து சேர்ந்தாள்.

"ஊரே சிரிச்சுதேடி!" இப்போது அழுதாள். "உன்ன மகளா நெனச்சேனே... பசி தாங்கலியா? இல்ல நாக்கு கேட்டுச்சா?"

"வாயைத் தொறங்க அண்ணி! ஏன் மூடிக்கினு நிக்கிறீங்க?" என்றாள் ஸ்ருதி.

"அங்க ஒரு சின்னப் பொண்ணு அத்தை..." குணமாலா கரண்டியை விட்டுவிட்டுத் திரும்பினாள். "கொழந்தை செத்துப் பொறந்துச்சு. ரத்தம் கொட்டி ஓஞ்சு கெடந்தா. அவ அக்காவும் அதே வார்டுலதான் செத்துப்போனாளாம். நாங்கதான் எதையோ குடுத்துக் கொன்னுட்டோம்னு பயந்து, எங்க கையால எதையும் வாங்க மாட்டேன்னுட்டா. 'மொதல்ல நீ தின்னு'ன்னு சைகை காட்னா. தட்டுல கிழங்குதான் இருந்துச்சு. உங்க முகம் நெனப்பு வந்துச்சு... கண்ண மூடிக்கினு தின்னுட்டேன். அப்பறந்தான் அவளும் வாங்கித் தின்னா."

"இத நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"அவ கஷ்டத்தச் சொல்லி என் தப்ப மறைக்க வெக்கமா இருந்துச்சு அத்தை."

பத்மாவதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல, "அந்தப் பொண்ணு... பொழச்சாளா?" என்றாள்.

குணமாலா உடைந்து அழுதாள். ஊர் திரும்பிய நாள் முதல் என்ன தின்றாய், என்ன வாங்கி வந்தாய் என்று கேட்காதவர் இல்லை. இதை மட்டும் யாருமே கேட்கவில்லை!

"பொழச்சுட்டா அத்தை! அவ காலாலயே நடந்து வூட்டுக்குப் போனா!"

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஐயோ... நானும் கிழங்கத்தான கேட்டேன்! உசுரக் கேக்கலியே!" வெட்கத்தில் மருமகளை ஏறிட்டுப் பார்க்கவும் முடியவில்லை.

குணமாலா அவள் காலடியில் உட்கார்ந்தாள். "விரதம் கெட்டது தப்புதான் அத்தை."

"தப்புதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு உபவாசம் இருக்கணும். நானும் உன்கூட இருக்கேன். நான் பேசுன பேச்சுக்கு எனக்கும் வேணும்ல? கோயில்ல சிரிச்சாளுங்களே, அவளுங்ககிட்ட நானே போய்ச் சொல்றேன்."

ஸ்ருதி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். பத்மாவதியம்மாள் தலையை ஆட்டி, அதை மருமகளிடம் கொடுக்கச் சொன்னாள்.

"பசிக்குதும்மா... குடு."

குணமாலா கிண்ணத்தை ஏந்தி நீட்டினாள். பத்மாவதியம்மாள் அந்தக் கைகளைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, கஞ்சியைக் குடித்தாள்.